கண்ணாடிக் கதவுக்கு உள்ளே – 9: ஒரு பேபி பிரஷ்

மூன்றாம் நாள் காலை ஐசியூ கதவைத் திறந்து சிஸ்டர் ஒரு சீட்டை நீட்டினார். அதுவரை வந்த சீட்டுகளில் எல்லாம் ஆயிரக்கணக்கில் விலையுள்ள ஊசிகள். இதில் இரண்டே வரி. குழந்தைகளுக்கான மென்மையான பல் பிரஷ் ஒன்று. நோயாளி போட்டுக்கொள்ளும் மூக்குக்கண்ணாடி.

"உசுருக்குப் போராடுற மனுசனுக்கு பிரஷ் எதுக்குடா?" என்றார் சித்தி. நானும் அதையேதான் நினைத்தேன். கீழே இறங்கிப்போய் வாங்கி வந்தேன்.

பாரூர் ஏரிப் பாசனத்தில் நெல்லும் மேட்டில் மாவும் வைத்திருந்த சித்தப்பாவுக்கு அப்போது 61 வயது. காவேரிப்பட்டணம் சாலையில் பைக் சறுக்கித் தலையில் அடி. கிருஷ்ணகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்திராத காலம். போலுப்பள்ளியில் அது திறக்கப்பட்டது 2022 ஜனவரி 12 அன்றுதான். முதலில் ஒரு மருத்துவமனை, அங்கே இரண்டு நாள். பிறகு ஓசூர் வழியாக, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு. எங்கள் பக்கத்தில் தலையில் அடிபட்டவர்கள் பலர் அந்த நெடுஞ்சாலையில் ஆம்புலன்ஸில் போனவர்கள்தான்.

1952இல் கோபன்ஹேகனில் போலியோ நோயாளிகளைக் காப்பாற்ற ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்துக் கையால் காற்றுப்பையை அமுக்கியதைப் போன வாரம் பார்த்தோம். அந்தக் கைகளின் வேலையை இன்று வெண்டிலேட்டர் செய்கிறது. ஆனால் அதற்காகத் தொண்டைக்குள் இறக்கும் குழாய் ஒரு வழியையும் திறந்துவிடுகிறது. நாம் எச்சிலை விழுங்குகிறோம், புரை ஏறினால் இருமுகிறோம். குழாயோடு மயக்கத்தில் கிடப்பவருக்கு இரண்டும் இல்லை. துலக்காத வாயில் பெருகும் கிருமி, எச்சிலோடு குழாயின் ஓரமாகக் கசிந்து நுரையீரலுக்குப் போகிறது. இரண்டு நாள் தாண்டியதும் "சளி கட்டிடுச்சு" என்று வெளியே வந்து சொல்வார்களே, அந்த வெண்டிலேட்டர் நிமோனியா பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. அடிபட்ட தலை தேறிவரும்போது நெஞ்சு ஆளைக் கொண்டுபோய்விடுகிறது.

அதைத் தடுக்கத்தான் அந்த பிரஷ். 15 சோதனைகளைத் தொகுத்து 2023 இறுதியில் வெளியான ஓர் ஆய்வு, தினமும் பல் துலக்கிவிடப்பட்டவர்களிடம் மருத்துவமனை நிமோனியா ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகச் சொல்கிறது. ஐசியூ மரணங்களும் குறைந்தன. அந்தச் சிஸ்டர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே துலக்கிக்கொண்டிருந்தார். கட்டிலின் தலைப்பக்கம் உயர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 1999இல் வெளியான பார்சலோனா ஆய்வில், மட்டமாகப் படுத்திருந்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு நிமோனியா அறிகுறிகள் தெரிந்தன. 45 பாகை உயர்த்திப் படுக்க வைத்தவர்களில் 8 சதவீதம் பேருக்குத்தான்.

முதல் மருத்துவமனையில் எங்களுக்கு ஒரு காயம் மிஞ்சியது. பெங்களூரில் சித்தப்பாவைப் புரட்டியபோது இடுப்புக்குக் கீழே, வால் எலும்பின் மேல், உள்ளங்கை அகலத்தில் சிவப்பு. சிஸ்டர் அதை விரலால் அழுத்தி எடுத்தார். நல்ல தோல் என்றால் அழுத்திய இடம் ஒரு கணம் வெளுத்து மறுபடி சிவக்கும். இது வெளுக்கவே இல்லை. படுக்கைப் புண்ணின் முதல் படி அது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கி, ரத்தம் ஓடாமல், தோல் உள்ளிருந்தே சாகத் தொடங்கியிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்திருந்தால் வந்திருக்காது. 80 கிலோ ஆளைக் குழாய்களோடு புரட்ட இரண்டு பேர் வேண்டும். நான்கு கட்டிலுக்கு ஒரு செவிலியர் என்று விட்டால் யாரால் முடியும்? வெண்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்கு ஒரு செவிலியர் வேண்டும் என்பது நம் நாட்டு விதிமுறையே. இயந்திரம் வாங்கியதற்குத் திறப்புவிழா வைக்கிறோம். இந்தக் கணக்கை யாரும் கேட்பதில்லை. நாம் கேட்க வேண்டும்.

"சுகர் இருக்கா?" என்று முதல் நாளே கேட்டார்கள். இல்லை என்றோம். ரத்தத்தில் பார்த்தால் 280. இந்தியப் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு. பலருக்கு இருப்பதே தெரியாது. வயது, சர்க்கரை, பீடி, பழைய சிறுநீரகக் கோளாறு, உடல் மெலிவு எல்லாம் ஐசியூவில் புதிய சிக்கலை இழுத்துவருபவை. அதனால் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் குடிப் பழக்கத்தையும் மறைக்காமல் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கழுத்து நரம்பில் போடும் லைனும் சிறுநீர்க் குழாயும் கிருமிக்கு இன்னொரு வாசல். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஐசியூக்கள் ஐந்தே விஷயங்களை விடாமல் செய்தன. கை கழுவுதல், தோலைக் கிருமிநாசினியால் துடைத்தல், முழுத் துணி போர்த்திய பிறகே லைன் போடுதல், தொடை நரம்பைத் தவிர்த்தல், தேவை தீர்ந்த லைனை உடனே எடுத்தல். ஒன்றரை ஆண்டில் ரத்தத் தொற்று 66 சதவீதம் வரை குறைந்தது. 2006இல் அந்த முடிவு வெளியானது. "அந்த லைன் இன்னும் தேவையா, டாக்டர்?" என்று தினமும் கேட்கலாம், தப்பில்லை.

ஆறாம் நாள் குழாயை எடுத்தார்கள். சித்தி தூக்கில் கேழ்வரகுக் கூழ் கரைத்து வைத்திருந்தார். சிஸ்டர் கையைப் பிடித்துத் தடுத்தார். பல நாள் குழாய் இருந்த தொண்டை விழுங்குவதை மறந்திருக்கும்; சோதித்துப் பார்க்காமல் கொடுத்தால் கூழ் நுரையீரலுக்குப் போகும். சித்திக்குக் கண் நிறைந்துவிட்டது. தூக்கை மூடிக் கீழே வைத்தார்.

அன்றிரவு சித்தப்பா குழம்பினார். எழுந்து ஓடப் பார்த்தார், ஊசியைப் பிடுங்கினார். ஐசியூ குழப்பம் என்று இதற்குப் பேர். வயதானவர்களுக்கும், நாள்கணக்கில் மயக்க மருந்தில் இருந்தவர்களுக்கும் எளிதில் வரும். இரவும் பகலும் ஒரே வெளிச்சம், ஓயாத அலாரம். எங்கள் எல்லைப் பகுதிக்காரர்களுக்கு இன்னொன்றும் சேர்கிறது. எங்கள் வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். அங்கே அந்த இரவில் கேட்டது இந்தியும் கன்னடமும். கண்ணாடி இல்லாமல், யார் முகமும் தெரியாமல், தெரியாத மொழியில் கண் விழித்தவர் வேறென்ன செய்வார்?

கையில் திரவம் தேய்த்துக்கொண்டு என்னை உள்ளே வரச் சொன்னார்கள்.

"மடை தெறந்தாச்சா?" என்றார் தெலுங்கில். ஏரித் தண்ணீர் முறை அவருக்கு வந்திருந்தது.

மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டேன். "சித்தப்பா, நீங்க பெங்களூருல இருக்கீங்க. பைக்ல விழுந்துட்டீங்க. இன்னிக்கு வியாழக்கெழம" என்று தெலுங்கில் மெதுவாகச் சொன்னேன். மறுபடி சொன்னேன். மூன்றாம் தடவை சொல்லும்போது எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தை உற்றுப் பார்த்தார்.

"மணி பத்தாவுது" என்றார். "உங்க சித்தி சாப்ட்டாளா?"

(தொடரும்)