ஒரு வீட்டுக் குப்பைக்கு ஆண்டுக்கு எவ்வளவு?

இக்கட்டுரைக்காகப் பேரவை நண்பர்கள் சிலரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "உங்கள் வீட்டுக் குப்பையை அள்ளுவதற்கு ஆண்டுக்கு எவ்வளவு கட்டுகிறீர்கள்?" ஒருவருக்கும் தெரியவில்லை. கிள்ளானிலிருந்து வந்த தோழி மட்டும், "அது இலவசம்தானே!" என்றாள். மின்சாரத்துக்கு எவ்வளவு, தண்ணீருக்கு எவ்வளவு, கைப்பேசிக்கு எவ்வளவு என்று விரல்நுனியில் வைத்திருக்கிறோம். குப்பைக்கு மட்டும் தெரிவதில்லை.

எனக்குத் தெரியும். இவ்வாண்டு எங்கள் வீட்டுக்கு 120 ரிங்கிட். அந்தத் தொகையை முடிவு செய்த கூட்டத்தில் கணக்கு நோட்டுடன் உட்கார்ந்திருந்தவன் நான்.

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள், பிறகு நகரில் தேசிய இடைநிலைப்பள்ளி. நகரத்துத் தாமான்களில் வாசலுக்கு வாசல் குப்பைத்தொட்டி நிற்பதையும், காலையில் லோரி வந்து அள்ளிப் போவதையும் பள்ளி பஸ் சன்னல் வழியாகத்தான் முதன்முதலில் பார்த்தேன். எங்கள் லயத்துக்கு லோரி வந்ததில்லை. தேயிலை நிரைகள் முடியும் சரிவில் ஒரு குழி இருந்தது. அங்கே கொட்டுவோம், வெயில் அடித்தால் கொளுத்துவோம். பாட்டி காலத்தில் அது போதுமானதாக இருந்திருக்கும். அன்றைய குப்பை சாம்பலும் காய்கறித் தோலும்தானே! இன்று பெம்பர்ஸ், மீன் டின், நெகிழிப்பை. எதுவும் மக்குவதில்லை.

மலையில் அக்டோபர், நவம்பர் மழை எப்படியிருக்கும் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு மழையில் குழி நிரம்பி, மண்ணோடு சரிந்து, கடைசி வரிசை லயத்தின் வாசல் வரை வந்துவிட்டது. அந்தக் கடைசி வீட்டில்தான் என் பாட்டி தனியாக இருக்கிறார். வாசலில் கிடந்த ஊரார் பெம்பர்ஸை அவர் மண்வெட்டியால் தள்ளிக்கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை. மிச்சம் ஓடையில் இறங்கிப் போனது. எங்கள் பக்கத்து ஓடைகள் பெர்த்தாம் ஆற்றில் சேர்ந்து ரிங்லெட் ஏரிக்குப் போகின்றன. 1963-இல் மின் உற்பத்திக்காக சுல்தான் அபு பக்கார் அணை கட்டியதால் உருவான ஏரி அது. அதில் சேறும் குப்பையும் சேர்வது நாளிதழ்களில் அடிக்கடி வரும் செய்தி.

மன்றத்து லோரி ஏன் எங்களிடம் வரவில்லை? இதற்கு விடை தேடப் போய்த்தான் வரி விஷயத்தைக் கற்றுக்கொண்டேன்.

நம் நாட்டில் குப்பைக்கென்று வீடுகளுக்குத் தனி பில் வருவதில்லை. ஊராட்சி மன்றங்கள் வசூலிக்கும் மதிப்பீட்டு வரிக்குள், அதாவது நம் பெற்றோர் சுக்காய் பிந்து என்று சொல்வதற்குள், அது ஒளிந்திருக்கிறது. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் (சட்டம் 171) இதற்கு வழி வகுக்கிறது. ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று மன்றம் மதிப்பிடுகிறது. அதுதான் 'ஆண்டு மதிப்பு'. அதில் ஒரு விழுக்காட்டை மாநில அரசின் ஒப்புதலோடு வரியாக விதிக்கிறது. உச்சவரம்பு 35 விழுக்காடு. மாதம் 400 ரிங்கிட் வாடகை பெறக்கூடிய வீடு என்றால் ஆண்டு மதிப்பு 4,800 ரிங்கிட். விகிதம் 6 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ஆண்டு வரி 288 ரிங்கிட். இதை 144, 144 என்று இரண்டு தவணையாகப் பிப்ரவரி இறுதிக்குள்ளும் ஆகஸ்டு இறுதிக்குள்ளும் கட்ட வேண்டும்.

அந்த 288 ரிங்கிட்டில் குப்பைக்கு எவ்வளவு, தெருவிளக்குக்கு எவ்வளவு? பில்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாலும் தெரியாது. வரியைத் தனித்தனியாகவோ ஒன்றாகச் சேர்த்தோ விதிக்கலாம் என்றுதான் சட்டத்தின் 127-ஆம் பிரிவு சொல்கிறது. பிரித்துக் காட்டத் தடையில்லை, காட்டுவதில்லை, அவ்வளவுதான். மதிப்பீட்டுப் பட்டியலை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. ஆனால் கோலாலம்பூரில் 1992-க்குப் பிறகு 2013-இல்தான் மறுமதிப்பீடு நடந்தது. இருபத்தோராண்டு உயர்வு ஒரே நாளில் கடிதமாக வந்தால் மக்கள் சும்மா இருப்பார்களா? பெரிய எதிர்ப்பு கிளம்பியது. புதிய மதிப்பீடு பிடிக்காதவர்கள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டபின், வரி விதிக்கும் மன்றத்திடம் ஒரு சாதாரணக் குடும்பம் நேரடியாகப் பேசக்கூடிய வழிகளில் முக்கியமானது அந்தக் கடிதம்தான்.

பகாங்கில் இன்னொரு மாற்றமும் நடந்தது. 2007-இல் இயற்றப்பட்ட திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் (சட்டம் 672) 2011 செப்டம்பர் 1-இல் நடப்புக்கு வந்தது. அதை ஏற்ற மாநிலங்களில் பகாங்கும் ஒன்று. குப்பை அள்ளும் பொறுப்பு மன்றத்திடமிருந்து கூட்டரசிடம் போனது. பகாங்கில் அந்தக் குத்தகை அலாம் ஃபுளோரா நிறுவனத்துக்குக் கிடைத்தது. மன்றங்கள் தங்கள் வரிப்பணத்தில் ஒரு பங்கைச் செலுத்த, மீதியைக் கூட்டரசு ஏற்கிறது. வாரத்தில் இருமுறை வீட்டுக் குப்பை, ஒருமுறை மறுசுழற்சிப் பொருள் என்பது முறை. குப்பையைப் பிரித்து வைப்பது 2015 செப்டம்பரில் கட்டாயமானது. மறுவருடம் ஜூன் முதல் அபராதமும் வந்தது. நாட்டின் மறுசுழற்சி விகிதம் 2024-இல் 37.9 விழுக்காடு.

இதில் லயம் எங்கே வருகிறது? வரி கட்ட வேண்டியவர் சொத்தின் உரிமையாளர். லயத்து வீடு எங்களுடையதல்ல, தோட்டத்துடையது. சாலையும் தோட்டத்துடையது. ஆகவே எங்கள் பெயருக்கு பில் இல்லை. பில் இல்லாதவன் 'என் லோரி எங்கே' என்று கேட்கவும் முடியாது. தொழிலாளர் குடியிருப்பின் சுகாதாரம் முதலாளியின் பொறுப்பு என்பதுதான் 1990-ஆம் ஆண்டு தொழிலாளர் வீடமைப்புச் சட்டத்தின் (சட்டம் 446) அடிப்படை. நாங்கள் நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்தோம். மலாயில் நான்தான் எழுதினேன். குழியை மூடிக் கொடுத்தார்கள். லோரிக்கு இன்னும் பதில் இல்லை. அது அவர்கள் செலவாக இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் பதில் வரும்வரை குப்பை காத்திருக்குமா?

தார்ச்சாலை முனையில் ஒரு பெரிய ரோரோ தொட்டி இருக்கிறது. கேட்டு அனுமதி வாங்கினோம். அதுவரை கொண்டுபோவது மட்டும் எங்கள் வேலை. கோயில் கமிட்டி பொறுப்பேற்றது. "படித்த பிள்ளை, நீயே கணக்கெழுது தம்பி" என்றார் தலைவர்.

வாடகை லோரி ஒரு நடைக்கு 70 ரிங்கிட். வாரம் ஒரு நடை, ஆண்டுக்கு 52 நடை, 3,640 ரிங்கிட். தீபாவளி, திருவிழா போன்ற நாள்களுக்குக் கூடுதலாக நான்கு நடை, 280. கையுறை, பை, தொட்டி பழுதுக்கு 260. மொத்தம் 4,180 ரிங்கிட். வீடுகள் 38, ஆள் இல்லாத மூன்றைக் கழித்தால் 35. வகுத்தால் ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 120. இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு வீடு ஒரு பை போட்டாலும் மூன்று பை போட்டாலும் லோரிச் செலவு குறையாது. குப்பைக் கட்டணத்தில் பெரும்பகுதி வண்டிக்கும் ஆளுக்கும்தான்.

முதலாண்டில் தவறு செய்தோம். டின், அட்டைப்பெட்டி, பாட்டில்களைப் பழைய சாமான் கடைக்குப் போட்டால் 600 ரிங்கிட் வரும் என்று நினைத்து, அதைச் செலவிலிருந்து கழித்தேன். வீட்டுக்கு மாதம் எட்டரை வந்தது. "சில்லறை எதற்கு, எட்டு போதும்" என்றது கூட்டம். எட்டு ரிங்கிட்டில் வசூல் 3,360. அட்டை விலை விழுந்து 600-க்குப் பதில் 350தான் கிடைத்தது. 470 ரிங்கிட் துண்டு! கடைசி மாதங்களில் ஏழு நடை நின்றுபோனது. நான் இல்லாத நாள்களில் அம்மாதான் ஏச்சு வாங்கினார்.

அடுத்த கூட்டத்தில் பேச்சு வேறு பக்கம் போனது. "நான் ஒருத்தி. வாரத்துக்கு ஒரு சின்னப் பை. எட்டுப் பேர் இருக்கிற வீட்டுக்கும் எனக்கும் ஒரே காசா?" என்று கேட்டவர் வேறு யாருமில்லை, என் பாட்டிதான்.

உலகமெங்கும் நகரங்கள் முட்டிக்கொள்ளும் கேள்வி இது. கொரியாவில் 1995 முதல் கட்டணம் பையில் இருக்கிறது. குறிப்பிட்ட பையை விலைக்கு வாங்கி அதில்தான் போட வேண்டும், நிறையப் போடுகிறவர் நிறையக் கட்டுகிறார். பெங்களூருவில் 2025 ஏப்ரல் முதல் கட்டடப் பரப்பைப் பார்க்கிறார்கள். 600 சதுர அடிக்குள் இருந்தால் மாதம் 10 ரூபாய், 4,000-ஐத் தாண்டினால் 400 ரூபாய். சென்னை மாநகராட்சி வீடுகளுக்கு மாதம் 10 முதல் 100 ரூபாய் என்று 2021 சனவரியில் தொடங்க அறிவித்து, எதிர்ப்பினால் நிறுத்தி வைத்தது. இதுவரை தனியாகக் கேட்காத ஒன்றுக்குத் திடீரென்று காசு கேட்டால் கோபம் வரத்தானே செய்யும்?

பையை எண்ண லயத்தில் யாரும் தயாரில்லை. எண்ணினால் இருட்டில் ஓடைக்குத்தான் போகும். ஆகவே தலையை எண்ணினோம். ஒருவர் இருவராக இருக்கும் முதியோர் வீடுகள் ஆறு, மாதம் 5 ரிங்கிட். சாதாரணக் குடும்பங்கள் 22, மாதம் 10. ஆறு பேருக்கு மேல் இருக்கும் வீடுகள் ஏழு, மாதம் 14. ஏழில் நான்கு வங்காளதேசத் தொழிலாளர்கள் தங்கியிருப்பவை. ஆளுக்கு இரண்டு ரிங்கிட்டுக்கும் குறைவு என்று விளக்கியதும் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். பழைய சாமான் காசை வருமானத்தில் சேர்க்கவில்லை. தனி உண்டியலில் போட்டு, வசூல் தாமதமாகும் மாதத்துக்கு வைத்துக்கொண்டோம்.

மாதம் 348 ரிங்கிட், ஆண்டுக்கு 4,176. நான்கு ரிங்கிட் குறைந்தது. அதைக் கணக்கெழுதியவன் போட வேண்டும் என்று பாட்டி தீர்ப்புச் சொன்னார். போட்டேன்.