செம்பவாங்: வெந்நீர் ஊற்று, அமைதியான கடற்கரை, நேவல் பேஸ் தமிழர் நினைவு

வார இறுதி வந்தால் நம்மில் பலருக்குப் போக்கிடம் இரண்டு மூன்றுதான். தேக்காவில் காய்கறி வாங்குவோம், கோயிலுக்குப் போவோம், பிள்ளைகள் அடம்பிடித்தால் செந்தோசா அல்லது கரையோரப் பூந்தோட்டங்கள். எல்லா இடத்திலும் கூட்டம். செலவும் கூடவே வரும்.

தீவின் வடகோடியில், காசு அதிகம் செலவாகாத, சத்தமில்லாத ஒரு வட்டாரம் இருக்கிறது. அதுதான் செம்பவாங். லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்கு ரயில் பாதையில் ஏறி, அடுத்த நிலையமான டோபி காட்டில் வடக்கு-தெற்கு பாதைக்கு மாறினால் ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேரலாம். வெந்நீர் ஊற்று, கடற்கரை, மீன்பிடிக்கும் படகுத்துறை, மரங்கள் சூழ்ந்த மேடு எல்லாம் அங்கு உண்டு. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்களுக்குச் சோறு போட்ட இடமும் அதுதான்.

அண்மையில் ஒரு சனிக்கிழமை 82 வயது பாட்டியையும் அக்காள் மகனையும் அங்கு அழைத்துச் சென்றேன். பாட்டி திருமணமாகி வந்த முதல் வீடு அங்கிருந்த கடற்படைத் தளக் குடியிருப்பில்தான். தாத்தா கப்பல்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை பார்த்தார். அந்த இடத்தைப் பாட்டி பார்த்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

எரிமலை இல்லாத ஊரில் வெந்நீர் எப்படி?

முதலில் போனது செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவுக்கு. கேம்பஸ் அவென்யூவை ஒட்டியுள்ள இந்தப் பூங்காவுக்கு அருகிலுள்ள ரயில் நிலையம் கேன்பரா. அங்கிருந்து நடந்தால் ஏறத்தாழ 20 நிமிடம். காலை 7 மணி முதல் இரவு 7 மணி வரை திறந்திருக்கும். நுழைவுக் கட்டணம் இல்லை.

ஊற்று நீரின் வெப்பம் ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸ். எரிமலை இல்லாத சிங்கப்பூரில் இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று அக்காள் மகன் கேட்டான். விளக்கம் எளிது. பூமிக்குள் ஆழம் போகப் போக வெப்பம் கூடும். மழைநீர் கருங்கல் பாறையின் வெடிப்புகள் வழியே மிக ஆழத்துக்கு இறங்கிச் சூடாகிறது. பிறகு வேறொரு வெடிப்பு வழியே வேகமாக மேலே வருகிறது. ஆறுவதற்குள் வெளியே வந்துவிடுவதால் வெந்நீராகவே கிடைக்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வட்டாரத்தில் 1.76 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டபோது அடியில் வெப்பம் 122 டிகிரியாக இருந்தது. இந்தச் சூட்டை எரிசக்தியாகப் பயன்படுத்த முடியுமா என்ற ஆய்வின் ஒரு பகுதி அது.

ஊற்று 1909ஆம் ஆண்டில் சியா எங் கியோங் என்ற வணிகரின் நிலத்தில் கண்டறியப்பட்டது. 1920களில் ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனம் அந்த நீரைப் போத்தலில் அடைத்து விற்றது. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் அது குளியல் இடமாக இருந்தது. பிற்காலத்தில் வேலி போட்ட சிறு இடமாக, குழாயும் வாளியுமாகக் கிடந்தது. தேசியப் பூங்காக் கழகம் அதை விரிவுபடுத்தி 2020 ஜனவரியில் புதிய பூங்காவாகத் திறந்தது. பழைய செங்கல் கட்டடம் ஒன்றை மட்டும் நினைவாக விட்டுவைத்திருக்கிறார்கள்.

முட்டை வேகும், பொறுமை வேண்டும்

பிள்ளைகளுக்கு இங்கு பெரிய கொண்டாட்டம் முட்டை வேகவைப்பது. முட்டையும் மூடியுள்ள பாத்திரமும் வீட்டிலிருந்து கொண்டு செல்லுங்கள். குழாயில் வெந்நீர் பிடித்து முட்டையைப் போட்டு மூடி வைக்க வேண்டும். நீர் ஆற ஆற மாற்ற வேண்டும். கொதிநீரில் வேகவைத்தால் முதலில் வெள்ளைக்கரு இறுகும். இங்கு நீர் 70 டிகிரிக்குள் இருப்பதால் மஞ்சள்கரு இறுகத் தொடங்கும்போதும் வெள்ளைக்கரு தளதளவென்றே இருக்கும். காப்பிக்கடையில் கிடைக்கும் அரைவேக்காட்டு முட்டைக்கு இது கிட்டத்தட்ட நேர்மாறு. கொஞ்சம் சோயா சாஸ், மிளகுத்தூள் எடுத்துச் செல்வது நல்லது. ஓடுகளைக் குப்பைத்தொட்டியில் போட மறக்காதீர்கள்.

பெரியவர்களுக்கு இன்பம் கால் நனைப்பது. பூங்காவில் படிப்படியாக இறங்கும் குளம் இருக்கிறது. மேல்தட்டில் நீர் மிகச் சூடு. கீழே வர வர ஆறிவிடும். எனவே கடைசித் தட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்க

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாட்டிக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவு. நான் முட்டைப் பாத்திரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த சில நிமிடங்களில் அவர் சூடு அதிகமுள்ள தட்டில் காலை விட்டு உட்கார்ந்துவிட்டார். “நல்லா இதமா இருக்குப்பா” என்றார். பக்கத்தில் இருந்த சீன மூதாட்டி சைகை காட்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். பாதம் சிவந்திருந்தது. கையை நீரில் வைத்த எனக்குப் பொறுக்க முடியவில்லை. பாட்டிக்கோ சூடு தெரியவே இல்லை.

நீண்டகால நீரிழிவு கால் நரம்புகளைப் பாதிக்கும். அப்போது சூடு, வலி இரண்டும் சரியாக உணரப்படாது. கால் வெந்துபோனாலும் தெரியாது, புண் ஏற்பட்டால் ஆறுவதும் கடினம். சிங்கப்பூரில் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஆகவே வீட்டுப் பெரியவர்களை அழைத்துச் சென்றால் முதலில் உங்கள் கையை நீரில் வைத்துப் பாருங்கள். நீரிழிவு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் கால் நனைக்காமல் இருப்பதே நல்லது. ஊற்று நீர் மூட்டுவலியைக் குணப்படுத்தும் என்று சொல்பவர்கள் உண்டு. இதம் தருவது வேறு, நோயைத் தீர்ப்பது வேறு.

நல்லவேளையாகப் பாட்டிக்குக் கொப்புளம் எதுவும் வரவில்லை. ஆனால் அந்தச் சில நிமிடங்களை நான் மறக்கப்போவதில்லை.

மேட்டில் ஒரு மாளிகை

பகல் உணவுக்கு ஏற்ற இடம் புக்கிட் கேன்பரா. செம்பவாங் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். ஏறத்தாழ 12 ஹெக்டர் பரப்பில் நீச்சல் குளங்கள், உடற்பயிற்சிக்கூடம், உணவங்காடி நிலையம், பலதுறை மருந்தகம் எல்லாம் ஒரே வளாகத்தில் உள்ளன. மேட்டைச் சுற்றிப் பெரிய மரங்களுக்கு இடையே நடைபாதைகள் செல்கின்றன. பழமரங்களும் நட்டிருக்கிறார்கள். உச்சியில் இருப்பது முன்னாள் அட்மிரல்டி ஹவுஸ். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகளின் இல்லமாக இருந்த அது, 2002ஆம் ஆண்டு முதல் தேசிய நினைவுச்சின்னம்.

அந்த மேட்டை ஏறிட்டுப் பார்த்த பாட்டி, “அப்போ இந்தப் பக்கம் எல்லாம் நாம வர முடியுமா?” என்றார். இப்போது அங்கு யார் வேண்டுமானாலும் நடக்கலாம்.

நேவல் பேஸ் கதை

பிரிட்டிஷ் அரசு 1923ஆம் ஆண்டில் செம்பவாங்கில் கடற்படைத் தளம் அமைக்க நிலம் பெற்றது. பெரும் செலவில் உருவான ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறை 1938 பிப்ரவரி 14ஆம் தேதி திறக்கப்பட்டது. ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள அது அன்றைய உலகின் மிகப் பெரிய உலர்துறைகளில் ஒன்று.

தளத்தைக் கட்டவும் நடத்தவும் தமிழர்கள், மலையாளிகள் உள்ளிட்ட இந்தியர்கள் பெருமளவில் வந்தார்கள். குடியிருப்பு, கடை, கோயில் என ஒரு சிற்றூரே உருவானது. பழையவர்கள் இன்றும் “நேவல் பேஸ்” என்றுதான் சொல்வார்கள். கேன்பரா, வெலிங்டன், மோன்ட்ரியால், ஜிப்ரால்டர் என்று அங்குள்ள சாலைகளுக்குப் பிரிட்டிஷ் பேரரசின் ஊர்ப்பெயர்கள் வந்ததும் அக்காலத்தில்தான்.

பிரிட்டிஷ் படைகள் வெளியேறும் என்ற அறிவிப்பு 1968இல் வந்தபோது ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பு கேள்விக்குறியானது. அதே ஆண்டில் தளத்தின் பட்டறைகள் செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறின. சிலருக்கு வேலை தொடர்ந்தது, சிலர் ஊர் திரும்பினார்கள். தாத்தா புதிய பட்டறையில் சேர்ந்தார்.

தளத்துத் தொழிலாளர்களின் வழிபாட்டில் 1960களில் ஒரு மரத்தடியில் தொடங்கியதுதான் இன்று ஈசூன் தொழிற்பேட்டையில் இருக்கும் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம். பங்குனி உத்திரத்தன்று அங்கு காவடி பார்த்தவர்களுக்குக்கூட அதன் வேர் நேவல் பேஸில் இருப்பது தெரியாமல் இருக்கலாம்.

கடற்கரையில் மாலை

வெயில் தணிந்ததும் செம்பவாங் பேருந்து முனையத்திலிருந்து 882ஆம் எண் பேருந்தில் ஏறினால் செம்பவாங் பூங்கா. சிங்கப்பூரின் கரை பெரும்பாலும் மண் கொட்டி உருவாக்கப்பட்டது. எஞ்சியுள்ள சில இயற்கைக் கடற்கரைகளில் இது ஒன்று. எதிரே ஜோகூர் நீரிணை, அக்கரையில் பாசிர் கூடாங்.

போர்க்கப்பல் வடிவ விளையாட்டு இடம் பிள்ளைகளுக்கு. தூண்டில் போட விரும்புவோருக்குப் படகுத்துறை. அதன் அருகே 1910களில் கட்டப்பட்ட பியூலியூ ஹவுஸ் இன்றும் நிற்கிறது. வட்டாரத்துக்குப் பெயர் தந்த செம்பவாங் மரத்தையும் பூங்காவில் பார்க்கலாம். சற்றுத் தள்ளி ஜாலான் மெம்புரோங்கின் முடிவில் பழைய கம்பத்துப் பாணியில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. தொழுகை நேரம் பார்த்து, அமைதியாகப் போய் வரலாம்.

படகுத்துறையில் நின்று மேற்கே பார்த்தால் கப்பல் பட்டறையின் பாரந்தூக்கிகள் தெரியும். ரயிலில் வந்தபோது பாட்டிக்கு எந்த இடமும் அடையாளம் தெரியவில்லை. குடியிருப்பு இருந்த பகுதியில் இப்போது புதிய வீடுகள். ஆனால் அந்தப் பாரந்தூக்கிகளைப் பார்த்ததும் பேசத் தொடங்கினார். சம்பள நாளில் தாத்தா வாங்கி வரும் பலகாரம், சோங் பாங் கிராமத்தில் பார்த்த படம், தாத்தாவின் சட்டையிலிருந்து எத்தனை தடவை துவைத்தாலும் போகாத பெயிண்ட் வாசனை. இவற்றில் எதையும் நான் அதற்குமுன் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டதில்லையாம்.

மாறுவதற்கு முன்

2025ஆம் ஆண்டின் வரைவுப் பெருந்திட்டத்தில், கப்பல் பட்டறை இடம்பெயர்ந்த பின் அப்பகுதியை மக்கள் புழங்கும் நீர்முனை வட்டாரமாக மாற்றும் யோசனை இடம்பெற்றுள்ளது. பழைய உலர்துறையைப் பொது இடமாகப் பயன்படுத்தும் எண்ணமும் உண்டு. மாற்றம் நல்லதாகவே இருக்கலாம். நம் தாத்தாக்கள் வேலை செய்த இடத்தில் நாமும் நடக்க முடியும். ஆனால் அந்தப் பாரந்தூக்கிகள் இருக்காது. அவற்றைப் பார்த்தால் கதை சொல்லக்கூடியவர்களும் எத்தனை காலம் இருப்பார்கள்?

உங்கள் வீட்டில் நேவல் பேஸ் பற்றிப் பேசும் பெரியவர் ஒருவர் இருந்தால், அடுத்த விடுமுறை நாளில் அவரை அங்கு அழைத்துச் செல்லுங்கள். காலையில் வெந்நீர் ஊற்று, பகலில் புக்கிட் கேன்பரா, மாலையில் கடற்கரை என்று வைத்துக்கொண்டால் அலைச்சல் இருக்காது. தொப்பி, குடிநீர், கொசு மருந்து, ஒரு துண்டு, நாலு முட்டை போதும். கைப்பேசியில் குரல்பதிவை மட்டும் மறக்காமல் தட்டி வையுங்கள்.