ஆவணி மாத விருந்தாளிகள்

கோடியக்கரைன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? வெளிமான், கலங்கரை விளக்கம், பூநாரை. வெளியூர்ச் சொந்தக்காரங்க வந்தாலும் இதைத்தான் காட்டுவோம். ஆனால் ஆவணி கடைசியிலிருந்தே நம்ம ஊர்ப் புதர்களுக்குள் வேறு விருந்தாளிகள் வந்து இறங்குகிறார்கள். அவை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்னப் பறவைகள்!

ஏன் வருகின்றன?

நமக்கு வெயில் குறையாத ஆவணியில், இமயமலையிலும் ரஷ்யாவிலும் கோடை முடியத் தொடங்கும். பகல் நேரம் குறையும். குளிர் வந்துவிட்டால் பூச்சி கிடைக்காது, பட்டினிதான். அதனால் தெற்கே கிளம்புகின்றன. கிளம்பும் முன் நன்றாகத் தின்று உடம்பில் கொழுப்பு சேர்க்கும். சில இனங்கள் தங்கள் எடையை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்கிக்கொள்ளும். வழியில் அதுதான் பெட்ரோல்.

வழி எப்படித் தெரியும்?

இவற்றில் பெரும்பாலானவை இரவில்தான் பறக்கும். காற்று குளிர்ச்சியாக இருக்கும், வல்லூறு தொல்லை குறைவு, பகலில் இறங்கி இரை தேடலாம். 1960களில் அமெரிக்காவில் ஸ்டீபன் எம்லன் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். கூண்டின் அடியில் ஸ்டாம்ப் பேடு, சுற்றிலும் வெள்ளைத்தாள். கோளரங்கத்தில் நட்சத்திரங்களைக் காட்டினார். பறவை எந்தத் திசையில் தாவியதோ அங்கே தாளில் மைத்தடம் விழுந்தது. செயற்கை வானத்தின் திசையை மாற்றியதும் தடமும் மாறியது! பூமியின் காந்தப்புலத்தையும் பறவைகளால் உணர முடியும்.

யாரைப் பார்க்கலாம்?

1. பிளித் நாணல் கதிர்க்குருவி: எடை சுமார் 12 கிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை. இந்த இனம் பின்லாந்து முதல் மங்கோலியா வரை கூடு கட்டுகிறது. ஆள் தெரியாது. புதருக்குள் "ட்சக், ட்சக்" என்று சத்தம் மட்டும் வரும்.

2. பழுப்புக் கீச்சான்: கண்ணில் கறுப்புப் பட்டை, திருடன் முகமூடி மாதிரி. வேலியில் உட்கார்ந்து கரகரன்னு கத்தும். காலில் வளையம் மாட்டிப் பார்த்ததில், ஒரே பறவை வருஷா வருஷம் அதே இடத்துக்குத் திரும்பி வருவது தெரிந்திருக்கிறது.

3. ஆறுமணிக்குருவி: இது கொஞ்சம் தாமதமாக, ஐப்பசி வாக்கில் வரும். காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் விசிலடிக்கும். சில சமயம் களைத்துப்போய் வீட்டுக்குள்ளேயே விழுந்துவிடும். பிடித்து விளையாடாதீங்க. அட்டைப்பெட்டியில், இருட்டில் அமைதியாக வைத்திருந்து, தெளிந்ததும் விட்டுடுங்க.

சில பறவைகள் இங்கேயே தங்கும். சில கடல் தாண்டி இலங்கைக்குப் போகும். கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணக் கரை 50 கி.மீ.க்குச் சற்று மேல். நடுவில் உட்காரக் கிளை கிடையாது. அதனால் கடலோரப் புதர் அவற்றுக்குச் சாப்பாட்டுக் கடை மாதிரி.

எப்படிப் பார்ப்பது?

காலை 6 முதல் 8 மணி வரை நல்ல நேரம். பளிச்சென்ற சட்டை வேண்டாம். ஒரு புதர் பக்கம் பத்து நிமிஷம் பேசாமல் நில்லுங்க. முதலில் காது, அப்புறம்தான் கண். உண்டிவில் கூடவே கூடாது!

ஒரு வேண்டுகோள்

கோடியக்கரை 1967இல் சரணாலயம் ஆனது. 2002இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் பறவைக்குச் சரணாலய எல்லை தெரியாது. நம் பள்ளிக்குப் பின்னால் சூரையும் காரையும் நொச்சியும் மண்டிக் கிடக்கும் புதரிலும்தான் கதிர்க்குருவி கத்துகிறது. போன வருஷம் அங்கே ஒரு கீச்சான் பங்குனி வரை இருந்ததை நானே பார்த்தேன். இப்போது அந்தப் புதரைச் சுத்தம் செய்யப் போவதாகப் பேச்சு. பாம்பு பயம் நியாயம்தான். நடைபாதை ஓரம் உள்ளதை வெட்டட்டும். மதில் ஓரத்துப் புதரை மட்டும் விட்டுவைக்கலாமே என்று ஆசிரியர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் நம்ம பக்கம் சாய்த்த மரங்கள் கொஞ்சமா? மிச்சம் இருக்கும் புதரையாவது நாம் காப்போம்.

இந்தத் தாளுக்குக் கீழே ஒரு நோட்டு தொங்குகிறது. நீங்க பார்த்த பறவை, தேதி, நேரம், இடம், எத்தனை என்று அதில் எழுதுங்க. பெயர் தெரியாவிட்டால் படம் வரைங்க, போதும்!

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு