இழப்பீடு கோருவதற்கு முன் ஒரு கணக்கு

2019 ஜூன் 29 ஆம் நாள் அதிகாலை, புனே நகரின் தென்பகுதியிலுள்ள கோந்த்வாவில், கனமழைக்கிடையே ஓர் அடுக்ககத்தின் சுற்றுச்சுவர் இடிந்து விழுந்தது. சுவரையொட்டிய குடிசைகளில் உறங்கிக்கொண்டிருந்த கட்டுமானத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 15 பேர் உயிரிழந்தனர். சுவரோரம் நிறுத்தப்பட்டிருந்த கார்களும் மண்ணோடு சரிந்து வீழ்ந்தன. போன உயிர்களுக்கு எந்தக் காப்பீடும் ஈடாகாது. ஆயினும், கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி ஒன்றை அந்நிகழ்வு எழுப்புகிறது. நிறுத்தி வைத்த கார், உரிமையாளரின் பிழை ஏதுமின்றிச் சேதமடைந்து, அதற்கு இழப்பீடு பெற்றால், அடுத்த ஆண்டின் பிரீமியம் உயருமா?

பொதுவாக உயரும் என்பதே விடை. அது ஏன், எவ்வளவு என்பதை அறிந்துகொண்டால், எப்போது இழப்பீடு கோருவது, எப்போது கைப்பணத்தைச் செலவிடுவது என்பதை நாமே முடிவு செய்யலாம்.

பிழை பார்க்காத சலுகை

கார் காப்பீட்டில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று, பிறருக்கு நேரும் தீங்கிற்கான மூன்றாம் நபர் காப்பீடு. 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். இதன் கட்டணத்தை அரசே அறிவிக்கிறது; நாம் இழப்பீடு கோரியதால் அது மாறுவதில்லை. மற்றொன்று, நம் காருக்கே நேரும் சேதத்திற்கான சொந்தச் சேதக் காப்பீடு. 2007 முதல் இதன் விலையை அந்தந்தக் காப்பீட்டு நிறுவனமே வகுத்துக்கொள்கிறது.

‘நோ கிளெய்ம் போனஸ்’ எனப்படும் சலுகை இந்த இரண்டாம் பகுதிக்கு மட்டுமே உரியது. இழப்பீடு கோராமல் ஓராண்டு கழிந்தால் 20 விழுக்காடு, தொடர்ந்து இரண்டாண்டுகளுக்கு 25, மூன்றாண்டுகளுக்கு 35, நான்காண்டுகளுக்கு 45, ஐந்தாண்டுகளுக்கு 50 விழுக்காடு எனத் தள்ளுபடி வளர்கிறது. இது கவனமாக ஓட்டியதற்கான பரிசன்று. இழப்பீடு கோராமல் இருந்ததற்கான பரிசு. எனவே வெள்ளமோ, சுவரோ, பின்னால் வந்து மோதிய வாகனமோ, காரணம் எதுவாயினும், நம் காப்பீட்டில் சேதத் தொகை பெற்றால் அடுத்த புதுப்பித்தலில் சலுகை சுழியமாகிவிடுகிறது.

ஒரு கோரிக்கையின் விலை

சலுகைக்கு முந்தைய சொந்தச் சேதப் பிரீமியம் ஆண்டுக்கு 12,000 ரூபாய் எனவும், அது மாறாமல் இருப்பதாகவும் கொள்வோம். 50 விழுக்காடு சலுகை பெற்றவர் ஆண்டுதோறும் 6,000 ரூபாய் செலுத்துகிறார். ஒருமுறை இழப்பீடு பெற்றபின் அவர் செலுத்த வேண்டியவை, அடுத்தடுத்த ஆண்டுகளில் 12,000, 9,600, 9,000, 7,800, 6,600 ரூபாய். ஆறாம் ஆண்டில்தான் மீண்டும் 6,000 ரூபாய்க்குத் திரும்புகிறார். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் அவர் கூடுதலாகக் கொடுப்பது 15,000 ரூபாய். புதிய கார் வாங்கிய முதலாண்டிலேயே இழப்பீடு பெற்றவருக்கு இதே கணக்கில் இழப்பு 6,000 ரூபாய்தான். கார் பழையதாக ஆக அதன் காப்பீட்டு மதிப்பும் பிரீமியமும் குறையும் என்பதால், உண்மையான இழப்பு இதனினும் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

இனி, பெறும் தொகையைப் பார்ப்போம். பம்பர் உடைந்து, பட்டறையில் 12,000 ரூபாய் கேட்கிறார்கள்: பிளாஸ்டிக் பாகத்திற்கு 8,000, கூலி 4,000. சாதாரணக் காப்பீட்டில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி மதிப்பே கிடைக்கும், ஆக 4,000. 1,500 சிசி வரையிலான காருக்கு நாமே ஏற்க வேண்டிய கட்டாயத் தொகை 1,000 ரூபாய் கழியும். கைக்கு வருவது 7,000 ரூபாய். ஐம்பது விழுக்காட்டுச் சலுகைக்காரர் 7,000 ரூபாய் பெற்று 15,000 ரூபாய் இழக்கிறார்! அவர் கைப்பணத்தில் பழுது பார்ப்பதே மேல். அதே பழுது முதலாண்டுக் காரில் நேர்ந்திருந்தால் கணக்கு ஏறக்குறைய சமம். பழுதுச் செலவு 80,000 ரூபாய் என்றாலோ, இருவரும் தயக்கமின்றிக் கோரலாம். காப்பீடு அத்தகைய பேரிழப்பிற்காகவே உள்ளது.

சலுகையைக் காக்கும் வழிகள்

நோ கிளெய்ம் போனஸ் காருக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. காரை விற்றால் அதற்கான சான்றுக் கடிதம் பெற்று, மூன்றாண்டுகளுக்குள் வாங்கும் புதிய காருக்குப் பயன்படுத்தலாம். நிறுவனத்தை மாற்றினாலும் சலுகை தொடரும். ஆனால் காப்பீடு காலாவதியாகி 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிடில் அது அழிந்துவிடும்.

கூடுதல் பிரீமியம் செலுத்திச் சலுகைப் பாதுகாப்பும், தேய்மானம் கழிக்காத காப்பீடும் பெறலாம். ஓராண்டில் எத்தனை கோரிக்கைகள் ஏற்கப்படும் என்பது நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும், வாங்கும்போதே கேட்டறிக. அடிக்கடி இழப்பீடு கோருவோருக்கு நிறுவனம் விலையை உயர்த்தவும் கூடும்.

ஒன்றை மட்டும் செய்யலாகாது. இழப்பீடு பெற்றதை மறைத்து வேறு நிறுவனத்தில் சலுகை கோருவது வீண். புதிய நிறுவனம் பழைய நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ளும். உண்மை வெளிப்பட்டால், பின்னொரு நாள் பெரிய விபத்தில் வர வேண்டிய தொகையே மறுக்கப்படலாம்.

மழைக்காலத்திற்கும் வங்கிக் கடனுக்கும்

2019 செப்டம்பர் 25 இரவில் புனேயின் ஆம்பில் ஓடை பெருக்கெடுத்தபோதும் ஏராளமான வாகனங்கள் நீரில் சிக்கின. நீரில் மூழ்கிய காரை இயக்க முயலாதீர்கள். அதனால் எஞ்சினுக்கு நேரும் பழுதைச் சாதாரணக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. அதற்கெனத் தனி எஞ்சின் பாதுகாப்பு உண்டு. படம் எடுத்துக்கொண்டு, நிறுவனத்திற்குத் தெரிவித்து, காரை இழுத்துச் செல்லச் செய்யுங்கள்.

பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது முழு இழப்பாகக் கருதப்படும். கார் வங்கிக் கடனில் இருந்தால், அத்தொகையிலிருந்து முதலில் கடன் பாக்கி தீர்க்கப்பட்டு, மீதியே உங்களை வந்தடையும். பிரீமியத்தைக் குறைப்பதற்காகக் காரின் மதிப்பைக் குறைத்துக் காட்டியவர், காரையும் இழந்து கடனையும் சுமக்க நேரிடும்.

புதுப்பித்தல் அறிவிப்பு வரும்போது மூன்று எண்களைக் குறித்து வையுங்கள்: உங்கள் சலுகை விழுக்காடு, சொந்தச் சேதப் பிரீமியம், காப்பீட்டு மதிப்பு. பட்டறைக்காரர் மதிப்பீட்டைத் தந்ததும், கோரிக்கைப் படிவத்தில் கையெழுத்திடுமுன், மேற்கண்ட கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். அதற்கு ஐந்து நிமிடமே ஆகும். அதன் பயன் ஐந்தாண்டு வரும்.