கரையில் ஒரு கடற்போர்

திருப்பதியிலிருந்து சென்னைக்குச் செல்லும் சப்தகிரி விரைவு வண்டி அரக்கோணத்தில் நிற்கும். சித்தூரிலிருந்து காட்பாடி வழியாகத் தொடர்வண்டியில் செல்வோரும் அவ்வூரைக் கடந்தே சென்னையை அடைவர். கடற்கரையே இல்லாத அவ்வூரில் இந்தியக் கடற்படையின் விமானத் தளம் ஒன்று உள்ளது. ஐ.என்.எஸ். இராஜாளி என்பது அதன் பெயர். இராஜாளி ஒரு வேட்டைப் பறவை. 1992 மார்ச் 11 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் இத்தளத்தைத் தொடங்கி வைத்தார்.

2013 முதல் பி-8ஐ என்னும் விமானங்கள் இங்கிருந்து பறக்கின்றன. கடலுக்கடியில் மறைந்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டறிவது இவற்றின் முதன்மையான பணி. ஒலியை உணரும் மிதவைகளைக் கடலில் வீசி, அவை அனுப்பும் ஒலியைக் கொண்டு கப்பல் இருக்குமிடத்தை வீரர்கள் கணிப்பர். இதனைப் பழகுதல் எளிதன்று. ஒவ்வொரு முறையும் எரிபொருள் செலவாகும்; வீசிய மிதவைகள் திரும்பி வாரா; கண்ணாமூச்சி ஆட உண்மையான நீர்மூழ்கியும் எப்போதும் கிடைக்காது. ஆகவே தளத்திலேயே சிமுலேட்டர் எனப்படும் பாவனைக் கருவிகள் கொண்ட பயிற்சி நிலையம் அமைக்கப்பட்டது. ஆசிரியர் கணினியில் இல்லாத நீர்மூழ்கி ஒன்றைப் படைப்பார். வீரர் அதனைத் தேடுவர். தவறவிட்டால் முதலிலிருந்து தொடங்கலாம். போரில் அவ்வாய்ப்பு இல்லை.

கணினி வருவதற்கு முன்பே இம்முறை தோன்றிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்கு உணவு ஏற்றிவந்த கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் மூழ்கடித்து வந்தன. 1942இல் லிவர்பூல் நகரில், நோயால் ஓய்வு பெற்றிருந்த கில்பர்ட் ராபர்ட்ஸ் என்னும் அதிகாரி, ஓர் அறையின் தரையையே கடலாக்கினார். கடற்படை மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள் கப்பல்களின் வழித்தடங்களைச் சுண்ணக்கட்டியால் வரைந்தனர். கப்பல் தலைவர்கள் திரைக்குப் பின்னே நின்று, சிறு துளை வழியாக மட்டுமே பார்க்க இயலும். நடுக்கடலில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவே தெரிய வேண்டும் என்பது நோக்கம். பகைக் கப்பலின் தடத்தை, அத்துளை வழியே தெரியாத பச்சை நிறத்தில் வரைந்தனர்! நீர்மூழ்கிகள் பின்புறமாக வந்து கப்பல் வரிசைக்கு உள்ளேயே புகுந்து தாக்குகின்றன என்பதை அத்தரையில்தான் கண்டறிந்தனர்.

பகைவரைத் தாக்கினால் மட்டும் போதாது. அடிபட்ட கப்பலைக் காக்கவும் வேண்டும். மகாராட்டிரத்து மலை நகரான லோனாவாலாவில் ஐ.என்.எஸ். சிவாஜி என்னும் பயிற்சித் தளம் உள்ளது. அங்குள்ள ‘அக்ஷத்’ என்னும் பாவனைக் கருவி, கப்பலின் அறைகளைப் போலவே கட்டப்பட்டது. அது கடலில் ஆடுவதுபோல் ஆடும். சுவரின் ஓட்டைகள் வழியே நீர் பீறிடும். வீரர்கள் மர ஆப்புகளை அறைந்தும் முட்டுக் கொடுத்தும் அதனை அடைக்க வேண்டும். விரைவு ஏன் தேவை? நீர் தளும்பும் தாம்பாளத்தை ஏந்தி நடந்து பாருங்கள். தட்டு சற்றே சாய்ந்தால் நீர் முழுவதும் அப்பக்கம் ஓடி, மேலும் சாய்க்கும். கப்பலுக்குள் புகுந்த நீரும் அதையே செய்யும்.

கரையில் கற்றதைக் கடலிலும் சோதிக்கின்றனர். கொச்சியிலுள்ள கடற்பயிற்சித் தலைமையகத்தின் வல்லுநர்கள் கப்பலில் ஏறி, எதிர்பாராத வேளையில் இல்லாத தீயையும் வெள்ளத்தையும் அறிவிப்பர். நலமாக நிற்கும் வீரரைக் ‘காயமுற்றவர்’ என்பர். அவரைத் தோழர்கள் குறுகிய ஏணி வழியே தூக்கிச் செல்ல வேண்டும். போர்க்கப்பலின் கணினித் திரையிலும் பொய்யான பகை விமானங்களைத் தோன்றச் செய்ய இயலும். இங்கே ஓர் ஆபத்தும் உண்டு. உண்மையான தீ மூண்டபோது, அதனையும் பாவனை என எண்ணிவிடலாகாது. அதனால் கடற்படைகளில் பாவனை அறிவிப்புக்கு முன் ‘பயிற்சிக்காக’ என்னும் சொல்லைச் சேர்த்துக் கூறுவர். அச்சொல் இன்றி அறிவிப்பு ஒலித்தால், கப்பலில் உள்ள அனைவரும் அது மெய்யானது என்று அறிவர்.