கைப்பேசிப் புகழும் காலி இருக்கைகளும்

இணையத்தில் லட்சக்கணக்கானோர் விரும்பும் கால்பந்து வீரருக்கு மைதானமும் நிரம்புமா? தானாக நிரம்பாது.

2018 ஜூன் 1இல் மும்பையில் இந்தியா சீன தைபேயை 5–0 என வென்றது. மூன்று கோல் சுனில் சேத்ரியுடையவை. பார்த்தவர்கள் மூவாயிரம் பேர்கூட இல்லை. மறுநாள் அவர், எங்களைத் திட்டுவதற்காவது மைதானத்துக்கு வாருங்கள் என்று வீடியோவில் வேண்டினார். அது கைப்பேசிதோறும் பரவியது. ஜூன் 4இல் கென்யாவுடன் அவருடைய 100ஆவது ஆட்டம். டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்தது.

புகழ் சிக்னல் மாதிரி. வழிதான் விடும், வண்டியை இழுக்காது. கூட்டத்தை இழுத்தது அவர் மனம்விட்டுக் கேட்டதுதான்.

சேத்ரி பெங்களூரு எஃப்.சி.க்காக ஆடிய கண்டீரவா மைதானம் நமக்குத் தூரமில்லை. ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, கப்பன் பார்க்கில் இறங்கலாம். திரையில் மட்டுமே ஆட்டம் பார்க்கும் நம் பிள்ளைகளை ஒருமுறையாவது அழைத்துச் செல்லுங்கள்.