கல்லூரிப் பிள்ளைகளின் மனநலமும் கைப்பேசியும்

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் எந்நேரமும் கைப்பேசியும் கையுமாக இருக்கிறார்கள் என்பது லிங்கராஜபுரத்துப் பெற்றோர் பலரின் மனக்குறை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மனம் சோர்ந்து தவிக்கும் மாணவருக்கு அதே கைப்பேசி வழியாக இலவச உதவியும் கிடைக்கிறது. இதை நம்மவர்கள் அனைவரும் அறிந்திருப்பது நல்லது.

வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம் என்று வளர்பவர்கள் நம் பிள்ளைகள். தேர்வு பயம், கல்விக் கடன், வேலை கிடைக்குமா என்ற கவலை ஆகியவை எல்லா மாணவருக்கும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்து பெங்களூர் விடுதிகளில் தங்கிப் படிப்பவர்களுக்கோ தனிமையும் சேர்ந்துகொள்கிறது. ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் கேட்டால் "சாப்பிட்டேன், நல்லா இருக்கேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். உள்ளே இருப்பது வெளியே வருவதில்லை.

இத்தகையோருக்காக மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று 'டெலி மானஸ்' என்ற சேவையைத் தொடங்கியது. அழைக்க வேண்டிய எண் 14416. நாள் முழுவதும், இரவிலும் இயங்கும், கட்டணம் கிடையாது. நாடு முழுவதுமாக 20 மொழிகளில் நடைபெறும் இச்சேவையில் தமிழும் ஒன்று. இதற்குத் தலைமை மையமாக விளங்குவது நமது ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனமே என்பது பெங்களூர்வாசிகளுக்குப் பெருமை தரும் செய்தி.

எண்ணை அழைத்ததும் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பொறுமையாகக் கேட்டுப் பேசுவார். கூடுதல் சிகிச்சை தேவை என்று தெரிந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்பிவைப்பார். நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை. பிள்ளையைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோரும் பேசி ஆலோசனை பெறலாம். 2024 அக்டோபர் 10 அன்று இதற்கென ஒரு கைப்பேசிச் செயலியும் வெளியிடப்பட்டது.

தனியார் செயலிகளும் உண்டு. பெங்களூரில் உருவான 'வைசா' அவற்றுள் ஒன்று. நாம் எழுதுவதற்குக் கணினி நிரலே பதில் தந்து, கவலையைக் குறைக்கும் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுக்கும். நேரில் பேசக் கூச்சப்படும் பிள்ளைக்கு இது முதல் படியாக உதவலாம். எனினும் எந்தச் செயலியும் மருத்துவருக்கு ஈடாகாது.

"வெளியே தெரிந்தால் வேலைக்கும் கல்யாணத்துக்கும் இடைஞ்சல்" என்ற அச்சம் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிராபத்து போன்ற சில நிலைகள் நீங்கலாக, சிகிச்சை பெறுபவரின் விவரங்களை இரகசியமாகக் காக்க வேண்டும் என்று கூறுகிறது. ஆகவே பேருக்குப் பயந்து பிள்ளையை இழந்துவிடக் கூடாது.

பெற்றோர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில: தூக்கம் கெடுதல், சாப்பாட்டில் வெறுப்பு, நண்பர்களை ஒதுக்குதல், வகுப்புக்குப் போகாமல் அறைக்குள் முடங்குதல். இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் உதவி நாட வேண்டும். "நான் இருந்து என்ன பயன்" என்பது போன்ற பேச்சு எழுந்தாலோ, இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாது. பிள்ளையைத் தனியே விடாமல், திட்டாமல், உடனே நிம்ஹான்ஸ் அவசரப் பிரிவுக்கோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். அவசர உதவிக்கு 112 எண்ணையும் அழைக்கலாம்.

கைப்பேசி வழி காட்டும். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது நம் வேலை. "எத்தனை மார்க்?" என்று கேட்குமுன் "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டுப் பழகுவோம். 14416 என்ற எண்ணை இன்றே வீட்டு நாட்காட்டியில் எரிவாயு ஏஜென்சி எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் உறவுக்காரப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.